பல் எக்ஸ்-ரேயை அடிக்கடி திரும்ப எடுக்க வேண்டியிருக்கிறது. உதவியாளர்களை எப்படிப் பழக்குவது?

புது ஆர்.வி.ஜி சென்சார் (ஃபிலிமுக்குப் பதில் வாய்க்குள் வைக்கும் டிஜிட்டல் தகடு) வாங்கியும் ஐஓபிஏ படங்கள் (சில பற்களை வேர் நுனிவரை காட்டும் எக்ஸ்-ரே) சரியாக வரவில்லை என்கிறீர்கள். பெரும்பாலும் குறை சென்சாரில் இருக்காது. படம் கெட்டதும் "சரியா வரல" என்று அதே கோணத்தில் மறுபடி பட்டனை அழுத்தினால், இரண்டாவது படமும் அப்படியேதான் வரும். என்ன தப்பு என்று வாய்விட்டுச் சொல்லாமல் ரீடேக் கிடையாது என்ற விதியை முதலில் வையுங்கள்.

பல் நீண்டோ குறுகியோ விழுவதை வெயிலை வைத்துப் புரியவைக்கலாம். காலை வெயிலில் நிழல் நீளும், உச்சி வெயிலில் குறுகும். கோன் (மெஷினில் கதிர் வெளிவரும் குழாய்) படுத்திருந்தால் பல் நீண்டு, வேர் நுனி படத்துக்கு வெளியே போய்விடும். கோன் அதிகம் நிமிர்ந்திருந்தால் வேர் குட்டையாகும். ரூட் கெனால் நீளம் பார்க்க அது உதவாது. வேர் நுனிக்கு அப்பால் 2-3 மி.மீ. எலும்பும் தெரிந்தால்தான் படம் பயன்படும். பக்கத்துப் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தெரிந்தால் அது பக்கவாட்டுக் கோணத் தப்பு: இரண்டு பல்லுக்கு நடுவே நூல் விடும் திசையில் கதிர் போகவில்லை. ஓரம் வளைவாக வெட்டுப்பட்டு வெள்ளையாக இருந்தால் கோன் கட், அதாவது கதிர் சென்சார் முழுவதிலும் படவில்லை.

இவற்றில் பாதியை, சென்சாரைப் பிடித்துக் கோனுக்கு வழிகாட்டும் ஹோல்டரே தடுத்துவிடும், ஒழுங்காக மாட்டினால். ரின் ஹோல்டரில் முன்பல்லுக்கு நீலம், பின்பல்லுக்கு மஞ்சள், பைட்விங்குக்கு (மேல், கீழ்ப் பற்களின் மேற்பகுதியை ஒன்றாகக் காட்டும் படம்) சிவப்பு. மாட்டியபின், கோனை ஒட்டி வைக்கும் ரிங் வழியாகப் பாருங்கள். சென்சார் நடுவில் தெரியாவிட்டால் ரிங்கைத் தாங்கும் கம்பி தப்பாக மாட்டியிருக்கிறது.

வாய்க்குள் வைப்பதில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். மேல் கடைவாய்க்குச் சென்சாரைப் பல்லோடு ஒட்டாமல், அண்ணத்தின் நடுவை நோக்கித் தள்ளி வையுங்கள். வாயின் கூரை உயரமான இடம் அதுதான், அங்கேதான் சென்சார் பல்லுக்கு இணையாக நிற்கும். கீழ்ப்பல்லுக்கு நாக்குக்கும் பல்லுக்கும் நடுவே இறக்கி, மெதுவாகக் கடிக்கச் சொல்லுங்கள். கடிக்கக் கடிக்க வாயின் அடித்தளம் தளர்ந்து இடம் கொடுக்கும். முதலிலேயே அழுத்தினால் வலிக்கும். நோயாளி நாக்கால் தள்ளிவிடுவார். குமட்டல் வருபவர்களுக்கு எக்ஸ்போஷர் நேரத்தையும் (கதிர் பாயும் நேரம்) கோனையும் தயார் செய்துவிட்டுக் கடைசியாகச் சென்சாரை வைத்து, மூக்கால் மூச்சுவிடச் சொன்னால் போதும்.

பழகுவதற்கு ஒருவரை ஒருவர் படமெடுத்துப் பார்க்கவே கூடாது. பிடுங்கிய பற்களைச் சுத்தம் செய்து பிளாஸ்டரில் வரிசையாகப் பதித்த மாடல் போதும். அதில் வேண்டுமென்றே கோணத்தை மாற்றி ஒவ்வொரு தப்பையும் எடுக்கச் சொல்லுங்கள். தானே கெடுத்த படம் மறக்காது.

டிஜிட்டலில் இன்னொரு சிக்கல் உண்டு. கதிர் குறைந்தால் படம் பொரிபொரியாகக் காட்டிக்கொடுத்துவிடும். கொஞ்சம் கூடினால் மென்பொருளே வெளிச்சத்தைச் சரிசெய்து மறைத்துவிடும். அதனால் யாரும் எக்ஸ்போஷர் நேரத்தைக் குறைப்பதில்லை. பெரியவர், குழந்தை, முன்பல், கடைவாய் எனப் பிரித்து நேரங்களை எழுதி மெஷின் அருகே ஒட்டுங்கள்.

ஒரு நோட்டில் தேதி, பல், தப்பு, எடுத்தவர் என ரீடேக்குகளைக் குறித்து வாருங்கள். பிரிட்டனில் 2020 வழிகாட்டியின்படி டிஜிட்டல் படங்களில் 95 சதவீதமாவது பயன்படும் தரத்தில் இருக்க வேண்டும். அதை இலக்காக வைக்கலாம். நோட்டைக் காட்டி மட்டும் திட்டாதீர்கள். திட்டினால் கெட்ட படம் நோட்டுக்கு வருமுன்னே கணினியிலிருந்து அழிந்துவிடும்.

எல்லாருக்கும் ஒரே மாதிரி கோன் கட் வந்தால் ஆளை விட்டு மெஷினைப் பாருங்கள். கோனை நிறுத்திக் கையை எடுத்த பிறகு மெஷினின் தலை மெல்லக் கீழே இறங்கினால், இறுக்க வேண்டியது அதைத் தாங்கும் மெஷின் கையின் மூட்டை.