டெக்சாஸின் குட்டிக் கவுண்டியில் கைதுப் பதிவை எங்கே தேடுவது?

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், கிராமப்புறக் கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) ஒன்றில் ஒருவர் கைதானாரா என்று பார்க்க வேண்டும், இணையத்தில் எதுவும் சிக்கவில்லை என்கிறீர்கள். சிக்காததில் ஆச்சரியமில்லை. அங்குள்ள லவிங் கவுண்டியில் 2020 கணக்கெடுப்பின்படி மொத்தமே 64 பேர். நம்மூர் டவுன் பஸ் ஒன்றில் அடங்கிவிடுவார்கள்!

முதலில் ஷெரீஃப், அதாவது கவுண்டியின் காவல் தலைவர், அலுவலகத்துக்குப் போன் போடுங்கள். முழுப்பெயர், பிறந்த தேதி, கைதானதாக நினைக்கும் வாரம், மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். சில கவுண்டிகளுக்குச் சொந்தச் சிறையே கிடையாது. பக்கத்துக் கவுண்டியில் அடைப்பார்கள். எங்கே என்று அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

போனில் சொல்ல மறுத்தால் எழுதிக் கேளுங்கள். மாநிலப் பொதுத் தகவல் சட்டப்படி, எதற்கு என்று உங்களைக் கேட்கக் கூடாது. கைதானவரைப் பற்றிய அடிப்படை விவரங்கள் பொதுத் தகவல்தான். விசாரணை நடக்கிறது என்று சொல்லி அவற்றை மறைக்க முடியாது. மற்ற ஆவணங்களைத் தர விருப்பமில்லை என்றால், பொதுவாக 10 வேலை நாட்களுக்குள் மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரலிடம் அவர்கள் முடிவு கேட்க வேண்டும்.

வழக்கு என்னவானது என்பதை நீதிமன்ற எழுத்தரிடம் கேளுங்கள். பெரிய குற்றமென்றால் மாவட்ட எழுத்தர், சிறியதென்றால் கவுண்டி எழுத்தர். 8,000க்கும் குறைவான மக்கள் உள்ள கவுண்டிகளில் பெரும்பாலும் ஒருவரே இரண்டையும் பார்ப்பார். அலைச்சல் மிச்சம்.

கிரெடிட் கார்டு கேட்கும் தனியார் தளங்களை நான் நம்புவதில்லை. கைதாகி, வழக்கு தள்ளுபடியானவரின் படம்கூட அங்கே கிடக்கும்.