வீட்டை அடமானம் வைக்காதீர்கள்

மும்பை சயானிலிருந்து போன வாரம் ஒரு குடும்பம் மேற்படிப்பு பற்றி ஆலோசனை கேட்க என்னைப் பார்க்க வந்தது. அப்பா, அம்மா, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மகள், கூடவே தாய்மாமன். நீட் மதிப்பெண் அரசுக் கல்லூரிக்கு எட்டவில்லை. வீட்டை அடமானம் வைத்து 70 லட்சம் வாங்கி, தனியார் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். சேர்த்துவிடலாம் என்று மாமா கணக்குப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அம்மா அழுதார். சற்று நேரம் ஆறுதல் சொன்னேன். பிறகு சொன்னது இதுதான்.

அடமானம் கூடாது. அப்பா ஓய்வுபெற இன்னும் ஆறே ஆண்டுகள். படிப்போ ஐந்தரை ஆண்டு, அதன் பிறகு மேற்படிப்புக்கான போட்டி. கடன் எளிதில் கிடைக்கும் என்கிறார் மாமா. வட்டி கட்டப்போவது அவரல்ல. இந்த இடத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இவ்வளவு நேரமும் அந்தப் பெண் வாய் திறக்கவில்லை. உனக்கு எது பிடிக்கும் என்று கேட்டதும் அம்மாவின் பைக்குள் கைவிட்டு, சென்ற ஆண்டு எடுத்த தைராய்டு ஸ்கேன் படத்தை வெளியே எடுத்தாள். "அன்றைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவுக்கும் அம்மாவுக்கும் ரத்தத்தில் தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். ஹார்மோன் குறைவுதான். அம்மாவின் படத்தில் பட்டாம்பூச்சி கறுப்பாகத் தெரிகிறது. அக்காவின் படத்தில் கழுத்தே வெறுமையாக இருந்தது. ஏன் சார்?"

நல்ல கேள்வி. ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் கூடினால் டி.எஸ்.எச். குறையும்; ஆனால் அது கூடும் வழி வேறுபடலாம். கிரேவ்ஸ் நோயில் தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்கிறது. ஊசியில் செலுத்திய டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருளை அயோடின் என்றெண்ணி வாரி இழுத்துக்கொள்கிறது. சுரப்பி வீங்கிப் புண்பட்டு, சேர்த்துவைத்த ஹார்மோன் கசியும்போது எதையும் இழுப்பதில்லை. ரத்த முடிவு ஒன்று, மருத்துவம் வேறு. இரண்டாமவருக்குச் சுரப்பை அடக்கும் மாத்திரை கொடுத்துப் பயனில்லை. அல்ட்ராசவுண்ட் கட்டியின் அளவையும் வடிவத்தையும் காட்டும். சுரப்பியின் வேலையை நேராகக் காட்டுவது இந்தப் படம்தான்.

இதை எடுப்பவர் அணு மருத்துவத் தொழில்நுட்பர். டெக்னீசியம்-99எம் ஆறு மணி நேரத்தில் பாதியாகிவிடும், வாங்கி அடுக்கிவைக்க முடியாது. அதனால் காலையில் வந்ததும் டெக்னீசியத்தை உண்டாக்கும் மாலிப்டினம் அடைத்த, ஜெனரேட்டர் என்ற கருவியில் உப்புக்கரைசலைச் செலுத்தி, பசுவிடம் பால் கறப்பதுபோல் அதைக் கறந்தெடுக்க வேண்டும். அளவு பார்த்து நோயாளிக்குச் செலுத்தி, இருபது நிமிடம் கழித்துத் தோளுக்கடியில் தலையணை வைத்துக் கழுத்தை நிமிர்த்தி, உடலிலிருந்து வரும் கதிரைப் படமாக்கும் காமா கேமராவின் கீழ் படுக்கவைக்க வேண்டும். நோயாளி எச்சில் விழுங்கினாலும் படம் கலங்கும். இயற்பியல் பிடித்த, கைநடுக்கமில்லாத பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான வேலை எனக்குத் தெரியவில்லை.

இதற்கு இந்த ஊரே தாய்வீடு. பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கதிர்வீச்சு மருத்துவ மையம் 1963 முதல் பரேலில் இயங்குகிறது; பி.எஸ்ஸி. முடித்தவர்களுக்கு அங்கே இத்துறைப் பயிற்சி உண்டு. பிளஸ் டூவிலிருந்து நேராகச் சேர வேண்டுமென்றால் புதுச்சேரி ஜிப்மரிலும் மணிப்பாலிலும் பட்டப்படிப்பு இருக்கிறது. எங்கே சேர்ந்தாலும் முதலில் கேட்க வேண்டியது, அந்தத் தகுதியை அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் ஏற்கிறதா என்பதுதான். தெருமுனையில் "ரேடியாலஜி டிப்ளமோ" விற்பவர்களிடம் பணம் கட்டாதீர்கள்.

"ஸ்கேன் படித்தால் சொந்தமாக ஸ்கேன் சென்டர் வைக்கலாமே" என்றார் மாமா. இந்தப் படிப்பை மட்டும் வைத்து முடியாது. கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி அல்ட்ராசவுண்ட் மையத்துக்குப் பதிவும் தகுதியுள்ள மருத்துவரும் வேண்டும். பெயருக்கு முன்னால் டாக்டர் என்ற எழுத்தும் வராது. காமா கேமரா பெரிய ஊர்களில்தான் அதிகம், எனவே சொந்த ஊருக்குத் திரும்பி வேலை செய்வதும் கடினம். இவற்றையும் சொல்லித்தான் அனுப்பினேன்.

கடைசியாக, "கதிர்வீச்சில் வேலை பார்த்தால் யார் பெண் கேட்பார்கள்" என்று அம்மா மெல்லக் கேட்டார். சட்டையில் குத்திய சிறு பட்டை ஒவ்வொருவர் மேலும் பட்ட கதிர்வீச்சைப் பதிவு செய்கிறது. வரம்பு ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடலில் பட்ட கதிர்வீச்சை அளக்கும் அலகு). கர்ப்பம் என்று தெரிவித்துவிட்டால் வயிற்றுக் குழந்தைக்கு வரம்பு மொத்தமே 1. இதையெல்லாம் சொல்லியும் கலங்குகிற வரன் வேண்டாம், அம்மா.

திங்கட்கிழமை பரேலுக்குப் போய் விசாரித்துவிட்டு வருவதாகப் பெண் சொன்னாள். துணைக்கு அப்பா வருகிறாராம்.