வேர்க்க வேர்க்க மேக்கப் நிக்குமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த தடவை வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஜிம்மு, ஓட்டம், நீச்சல்னு ஒரே வேர்வை சமாச்சாரம், அதனால மத்ததெல்லாம் அடுத்த இதழுக்கு தள்ளிட்டு இதை மட்டும் எடுத்துக்கிட்டேன். எந்த பிராண்டு வாங்கணும்னு மட்டும் ஒத்தை வரில கேட்டவங்க கோச்சுக்காதீங்க, பேரு சொல்ல மாட்டேன், டப்பாவுல எதை பாக்கணும்னு சொல்றேன்.

கேள்வி: அக்கா, காலைல ஜிம் முடிச்சதும் அப்படியே ஆபீஸ் ஓடணும். அதனால வீட்லயே ஃபவுண்டேஷன் போட்டுட்டு தான் ஒர்க்கவுட் பண்றேன். துளையெல்லாம் அடைச்சுக்கிட்டு வேர்வை வெளிய வராதுன்னு கூட வர்ற பொண்ணு பயமுறுத்துறா. நெஜமா? (பெயர் வேண்டாம் ப்ளீஸ்)

பதில்: அவ சொல்றது பாதி தான் சரி. வேர்வை வர்ற வழி வேற, எண்ணெய் வர்ற வழி வேற. வேர்வை சுரப்பி தோலுக்கு மேல தனி துளையா தெறக்குது, பரு வர்றது முடி முளைக்கிற குழில, எண்ணெய் சுரப்பி போய் சேர்றதும் அங்க தான். நல்லா வேர்க்க ஆரம்பிச்சுட்டா ஃபவுண்டேஷனால அதை நிறுத்த முடியாது, வேர்வை தான் அடியில இருந்து ஃபவுண்டேஷனை தூக்கிட்டு வரும். அடுத்த தடவை பாதி ஒர்க்கவுட்ல கண்ணாடி பாருங்க, மொதல்ல மூக்கு ஓரத்துலயும் மேலுதட்டுக்கு மேலயும் புள்ளி புள்ளியா பிரிஞ்சு நிக்கும், அப்புறம் டவல் வெச்சு ஒரு இழு இழுத்தீங்கன்னா கன்னத்துல பட்டை பட்டையா போயிடும், டவல்ல பாதி மூஞ்சி இருக்கும். எண்ணெய், வேர்வை, பவுடர், அழுக்கு எல்லாத்தையும் சேர்த்து தேய்ச்சு அந்த குழிக்குள்ள நாமளே தள்றோம் பாருங்க, வினை அங்க தான் ஆரம்பிக்குது.

2024ல ஜர்னல் ஆஃப் காஸ்மெட்டிக் டெர்மட்டாலஜிங்கிற தோல் மருத்துவ இதழ்ல இதை பத்தி ஒரு ஆய்வு வந்துச்சு. 43 காலேஜ் ஸ்டூடண்ட்ஸ், மூஞ்சில ஒரு பக்கம் மட்டும் ஃபவுண்டேஷன், 20 நிமிஷம் டிரெட்மில். வெறும் பக்கத்துல துளைங்க கொஞ்சம் விரிஞ்சுது, ஃபவுண்டேஷன் பக்கம் அப்படி விரியல, ஈரம் மட்டும் அந்த பக்கம் ஜாஸ்தியா தங்குச்சு. ஃபவுண்டேஷன் துளையை விரிய விடாம அடைக்குதுன்னு எடுத்துக்கிட்டு, வெறும் மூஞ்சியோட பண்றது நல்லதுன்னு அவங்க முடிச்சாங்க. சரி தான், ஆனா அது ஒரே ஒரு நாள் 20 நிமிஷ கணக்கு, இதை வெச்சு தோலே கெட்டுடும்னு தலைப்பு போடுறவங்கள நம்பாதீங்க. இத்தனை நாள் போட்டும் உங்களுக்கு பரு வரலைன்னா ஜிம்முக்கு மேக்கப் போட்டது ஒரு குத்தமே இல்ல.

என் யோசனை என்னன்னா ஃபவுண்டேஷனை ஆபீஸுக்கு எடுத்து வைங்க. ஜிம்முக்கு தோல் கலர் சேர்த்து வர்ற டின்ட்டட் சன்ஸ்கிரீன் ஒரு மெல்லிசான லேயர், மறைக்கணும்னு தோணுற இடத்துல மட்டும் ஒரு பொட்டு கன்சீலர், புருவத்துக்கு ஜெல், முடிஞ்சுது. மூஞ்சில மத்தது எல்லாம் வழிஞ்சாலும் புருவமும் இமையும் நின்னுச்சுன்னா பாக்க நல்லா தான் இருக்கும், இதை நான் பல பேருக்கு சொல்லி இருக்கேன், யாரும் திரும்பி வந்து திட்டல. மங்கு இருக்கிறவங்களுக்கு டின்ட்டட்ல இன்னொரு லாபமும் இருக்கு, கலருக்காக சேர்க்கிற அயர்ன் ஆக்சைடு கண்ணுக்கு தெரியுற வெளிச்சத்தையும் கொஞ்சம் தடுக்கும், வெள்ளை கிரீம்ல அது கிடைக்காது. முடிச்சதும் மூஞ்சி கழுவிட்டு உடனே மேல பூசாதீங்க, மூஞ்சி சூடு அடங்கி வேர்வை நிக்கட்டும், அதுக்கு முன்னாடி என்ன விலை ஃபவுண்டேஷன் போட்டாலும் திட்டு திட்டா தான் நிக்கும்.

கேள்வி: மேடம், நான் ஆம்பளை, கேக்கலாமான்னு தெரியல. தினமும் வெளிய ஓடுறேன். ஸ்போர்ட்னு போட்டிருக்கிற சன்ஸ்கிரீன் நெஜமாவே வேற ஐட்டமா, இல்ல ஸ்டிக்கர் மட்டும் வேறயா? ரெண்டாவது, கொஞ்ச தூரம் ஓடினதும் கண்ணு எரிஞ்சு தண்ணியா கொட்டுது. (ஒரு ஓட்டக்காரர்)

பதில்: தாராளமா கேளுங்க தம்பி, வெயிலுக்கு ஆம்பளை பொம்பளை எல்லாம் தெரியாது. ஸ்போர்ட், ஆக்டிவ், ஜிம் ப்ரூஃப் இதெல்லாம் முன்பக்கத்து அலங்காரம். டப்பாவை திருப்பி வாட்டர் ரெசிஸ்டன்ட்னு இருக்கா, பக்கத்துல 40 நிமிஷமா 80 நிமிஷமான்னு மட்டும் பாருங்க. அமெரிக்காவுல மருந்து, அழகு சாதனமெல்லாம் கண்காணிக்கிற எஃப்டிஏ 2011லயே வாட்டர்ப்ரூஃப், ஸ்வெட்ப்ரூஃப்னு சன்ஸ்கிரீன்ல எழுதவே கூடாதுன்னு சொல்லிடுச்சு, ஏன்னா தண்ணிக்கும் வேர்வைக்கும் முழுசா தாக்குப்பிடிக்கிற கிரீம்னு ஒண்ணு கிடையாது. அதுக்கு பதிலா இந்த நிமிஷ கணக்கு. ஆளுங்க மேல பூசி 20 நிமிஷம் தண்ணில, அப்புறம் வெளிய வந்து இடைவெளி, மறுபடி 20 நிமிஷம்னு 2 சுத்து போனா 40, 4 சுத்து போனா 80, அதுக்கு அப்புறமும் டப்பாவுல போட்ட எஸ்பிஎஃப், அதாவது வெயில் தடுப்பு நம்பர், நிக்கணும். சோதனை தண்ணில நடக்குது, உங்க வேர்வை தோலுக்கு அடியில இருந்து வருது, போதாக்குறைக்கு நீங்க கையால வேற தொடைக்கிறீங்க, அதனால அந்த 80ஐ உச்ச வரம்புன்னு எடுத்துக்கங்க. துண்டால தொடைச்சா உடனே திரும்ப போடணும், தொடைக்கலைன்னாலும் 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை.

எஸ்பிஎஃப் நம்பருக்கு ரொம்ப அடிச்சுக்காதீங்க. 30 போட்டா தோலை சுட்டு சிவக்க வைக்கிற யுவிபி கதிர்ல சுமார் 97 சதவீதம் தடுக்கும், 50 போட்டா 98. ஆனா அந்த நம்பர் எல்லாம் சதுர செண்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம்னு தடிமனா பூசி அளந்தது, நாம போடுறது அதுல பாதி கூட தேறுமான்னு சந்தேகம் தான். மூஞ்சிக்கும் கழுத்துக்கும் சேர்த்து ஆள்காட்டி விரல், நடுவிரல் ரெண்டுலயும் முழு நீளத்துக்கு ஒரு கோடு பிதுக்கி அதை பூசுங்க, கிளம்புறதுக்கு 15 நிமிஷம் முன்னாடியே. காதும் பின்கழுத்தும் எல்லாரும் மறக்குற இடம்.

கண்ணு எரியுறதுக்கு காரணம் நெத்தி. நெத்தில போட்ட கிரீம் வேர்வையோட சேர்ந்து புருவத்தை தாண்டி கண்ணுக்குள்ள இறங்குது. நெத்திக்கும் கண்ணை சுத்தியும் மட்டும் குச்சியா வர்ற ஸ்டிக் சன்ஸ்கிரீன் வாங்குங்க, அதுல மெழுகு ஜாஸ்தி, சட்டுனு வழியாது, ஜிங்க் ஆக்சைடு மட்டும் இருக்கிறதா பாத்து எடுத்தா எரிச்சல் ரொம்பவே கம்மி. புருவத்துக்கு மேல ஓரமா ரெண்டு மூணு தடவை அழுத்தி இழுத்து விட்டுட்டு அதுக்கு மேல ஒரு தொப்பியோ நெத்தில மாட்டுற வேர்வை பேண்டோ போட்டா பாதி பிரச்சனை தீர்ந்துடும். பவுடரா வர்ற சன்ஸ்கிரீன் இருக்கே, நடுவுல ஒத்தி எடுக்க பரவாயில்ல, அதை மட்டுமே நம்பி வெயில்ல ஓடாதீங்க, தேவையான அளவுக்கு பவுடர் பூசினா நாடகத்துக்கு தான் போகணும்.

கேள்வி: அக்கா, வேர்வை பேண்டு போடுற இடத்துல நெத்தி முழுக்க பொடி பொடியா வந்திருக்கு, முதுகுலயும் ஸ்போர்ட்ஸ் ப்ரா பட்டை ஓரமா வருது. பரு கிரீம் போட்டு பாத்தேன், நெத்தில கேக்கவே இல்ல, அரிப்பு வேற. (காலேஜ் வாலிபால் டீம்)

பதில்: உனக்கு ரெண்டு வேற விஷயம் நடக்குதோன்னு தோணுது தங்கச்சி. பட்டை ஓரமா வரிசையா வர்றது உராய்ஞ்சு உராய்ஞ்சு வர்ற பரு, ஆக்னி மெக்கானிகான்னு 1975லயே பேரு வெச்சுட்டாங்க. சூடு, அழுத்தம், உராய்வு, மேல காத்து போகாம மூடி இருக்கிறது, இது நாலும் சேர்ற இடத்துல வரும், ஹெல்மெட் போடுற விளையாட்டுக்காரங்களுக்கு தாடைல வர்றதும் இதே தான். இதுக்கு புது சீரம் எதுவும் வேண்டாம். பட்டை இறுக்கத்தை ஒரு கொக்கி தளர்த்து, ஆடின உடனே ப்ராவை கழட்டிடு, ஈரத்தோட உக்காந்து கதையடிக்காத, பேண்டை ஒவ்வொரு தடவையும் துவைச்சு போடு. முதுகுக்கு பென்சாயில் பெராக்சைடு வாஷ் நல்லா வேலை செய்யும், ஆனா அது துணியை வெளுத்துடும், கலர் டவலை அதுக்கு எடுத்தேன்னா டவல் கதை முடிஞ்சுது.

நெத்தில எல்லாம் ஒரே சைஸ்ல, அரிப்போட, பரு மருந்துக்கு அசையாம இருந்தா அது பருவே இல்லாம பூஞ்சையா இருக்கலாம். மலசீசியான்னு ஒரு ஈஸ்ட், நம்ம எல்லார் தோல்லயும் இருக்கிறது தான், வேர்வையும் சூடும் கிடைச்சா முடிக்குழில பெருகி இப்படி பொரிஞ்சு விடும். இதுக்கு கீட்டோகொனசோல் மாதிரி பூஞ்சை மருந்து தான் கேக்கும், ஆன்டிபயாட்டிக் எடுத்தா சில பேருக்கு இன்னும் ஜாஸ்தி ஆகும். ஒரு தடவை தோல் டாக்டர்கிட்ட காட்டிடு, பாத்த உடனே சொல்லிடுவாங்க, நீயா கடை கடையா பருவுக்கு வாங்கி குவிக்கிற காசு மிஞ்சும். இன்னொண்ணு, டப்பாவுல நான்-காமெடோஜெனிக், அதாவது துளையை அடைக்காதுன்னு இருந்தா பரு வராதுன்னு நம்பி வாங்காத, அந்த வார்த்தைக்கு எல்லாரும் ஒத்துக்கிட்ட ஒரே அளவுகோல்னு ஒண்ணு இல்ல, உன் நெத்தி என்ன சொல்லுதோ அது தான் ரிசல்ட்.

கேள்வி: வாட்டர்ப்ரூஃப் மஸ்காரா போட்டா எடுக்குறப்ப இமை முடி நாலு கையோட வருது. நீச்சல் விடவும் மனசில்ல, மஸ்காரா விடவும் மனசில்ல. (நீச்சல் பைத்தியம்)

பதில்: வாட்டர்ப்ரூஃப் மஸ்காராவுல இருக்கிறது மெழுகும் எண்ணெய்ல கரையுற சரக்கும், அதை சோப்பு தண்ணி போட்டு தேய்ச்சா முடி தான் வரும். எண்ணெய் பதம் இருக்கிற ரிமூவரை பஞ்சுல நனைச்சு கண்ணு மேல அரை நிமிஷம் சும்மா வெச்சிருங்க, அப்புறம் கீழ் நோக்கி ஒத்தி எடுங்க, தேய்க்கவே கூடாது. வேர்வைக்கு மட்டும்னா ட்யூபிங் மஸ்காரா பெஸ்ட்டு, ஒவ்வொரு முடியையும் சுத்தி பாலிமர் உறையா காயும், வேர்வைக்கும் எண்ணெய்க்கும் ஈஷாது, வெதுவெதுப்பான தண்ணில நனைச்சு லேசா இழுத்தா கறுப்பு நூல் துண்டு மாதிரி கையோட கழண்டு வரும். மொத தடவை பாக்குறப்ப இமை முடியே வந்துடுச்சோன்னு பயமா இருக்கும், பயப்படாதீங்க. ரொம்ப நேரம் தண்ணில ஊறினா இது அந்த அளவுக்கு நிக்காது, நீச்சலுக்கு வாட்டர்ப்ரூஃபே போடுங்க, நீச்சல் கண்ணாடி ரப்பர் படுற இடத்துல மட்டும் எதுவும் வேண்டாம். தண்ணில டான்ஸ் மாதிரி ஆடுற ஆர்டிஸ்டிக் ஸ்விம்மிங் பொண்ணுங்க தலைமுடி கலையாம இருக்க ஜெலட்டினை சுடுதண்ணில கரைச்சு தலைல பூசிட்டு தான் இறங்குறாங்க, அதோட பாத்தா உங்க பிரச்சனை ஒண்ணுமே இல்ல.

கேள்வி: வேர்வை வராம இருக்க அக்குளுக்கு போடுற ரோல்-ஆனை மூஞ்சில தடவிட்டு மேக்கப் போடுறாங்களே, ட்ரை பண்ணலாமா?

பதில்: வேண்டாம். அதுல இருக்கிற அலுமினியம் உப்பும் வாசனையும் மூஞ்சி தோலுக்கு எரிச்சல், கண்ணு பக்கம் போனா அதுக்கு மேல. அக்குளுக்கே கூட வாசனை மட்டும் குடுக்கிற டியோடரன்ட் வேற, வேர்வையை குறைக்கிற ஆன்டிபெர்ஸ்பிரன்ட் வேற, ரெண்டாவதை ராத்திரி காஞ்ச தோல்ல போட்டுட்டு படுத்தா தான் நல்லா பிடிக்கும். மூஞ்சி மட்டும் காரணமே இல்லாம கொட்டுதுன்னா டாக்டர்கிட்ட கேளுங்க.

கேள்வி: ஒர்க்கவுட்டுக்கு முன்னாடி ரெட்டினால் சீரம், கிளைகாலிக் ஆசிட் எல்லாம் மூஞ்சில போட்டா நல்லா உள்ள இறங்குமாமே?

பதில்: எரிச்சல் தான் நல்லா இறங்கும். அதெல்லாம் ராத்திரிக்கு. போறதுக்கு முன்னாடி லேசான மாய்ஸ்சரைசர், வெளிய போறதுன்னா சன்ஸ்கிரீன், வேற ஒண்ணும் வேண்டாம். தொடை உரசி புண்ணாகுதுன்னு ரெண்டு பேரு எழுதி இருந்தீங்க, அதுக்கு பெட்ரோலியம் ஜெல்லி போதும், பிசுபிசுப்பு பிடிக்கலைன்னா டைமெத்திகோன்ங்கிற வழவழப்பான சிலிக்கோன் இருக்கிற குச்சி வாங்குங்க.

கேள்வி: எங்க ஜிம்ல ஷவர் இல்ல, முடிச்சுட்டு ஒரு மணி நேரம் பஸ்ல. மூஞ்சிக்கு என்ன பண்றது? (பஸ் பயணி)

பதில்: மொதல்ல கை கழுவுங்க, அத்தனை பேரு பிடிச்ச டம்பெல் பிடிச்ச கை அது. குழாய்ல வெறும் தண்ணி அடிச்சு கழுவினாலே பாதி வேலை ஆச்சு, குழாயும் இல்லைன்னா கழுவாமலே அழுக்கு எடுக்கிற மைசெல்லார் வாட்டர் சின்ன பாட்டில், பஞ்சு ரெண்டு பைல போட்டு வைங்க, ஒத்தி எடுத்துட்டு சட்டையை மாத்திட்டு ஏறுங்க. வைப்ஸ்னா வாசனை இல்லாதது. ஜிம்ல தொங்குற பொது டவல் பக்கம் மட்டும் மூஞ்சியை கொண்டு போகாதீங்க. வீட்டுக்கு போனதும் மைல்டு ஃபேஸ்வாஷ் ஒரு தடவை போட்டா போதும், நாள் முழுக்க நாலு தடவை போட்டா தோல் காஞ்சு எரிய ஆரம்பிச்சு அதுக்கு ஒரு கேள்வி எழுதி அனுப்புவீங்க.