குடல் பாக்டீரியா மூளையை எப்படிப் பாதிக்கிறது?

குடலில் வாழும் பாக்டீரியாக்களுக்கும் மூளைக்கும் இடையிலான இருவழித் தொடர்பைத்தான் 'குடல்-மூளை அச்சு' என்கிறார்கள். முக்கியப் பாதை வேகஸ் நரம்பு. வயிற்றுக்கும் மூளைத்தண்டுக்கும் இடையே இழுத்த தொலைபேசிக் கம்பி மாதிரி. அதில் பெரும்பாலான செய்திகள் கீழிருந்து மேலேதான் போகின்றன!

2011இல் அயர்லாந்து, கனடா ஆய்வாளர்கள் எலிகளுக்கு ஒருவகை லாக்டோபேசில்லஸ் பாக்டீரியாவைக் கொடுத்தார்கள். பதற்றம் குறைந்தது. வேகஸ் நரம்பை வெட்டிய எலிகளிடம் அந்தப் பலன் இல்லை. கம்பி அறுந்தால் பேச்சு எப்படிக் கேட்கும்? நோய் எதிர்ப்பு மண்டலம் வழியாகவும் சேதி போகிறது.

சரி, மனிதர்களிடம்? மனநிலை பற்றிச் சில தடயங்கள் உண்டு. அறிவுத்திறனுக்குச் சான்று மெலிதுதான்.

அப்புறம், உடலின் செரோடோனினில் (மனநிலையோடு தொடர்புள்ள வேதிப்பொருள்) சுமார் 90% குடலில் உருவாவதால் அது நேரே மூளைக்குப் போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். போகாது; ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைவதை வடிகட்டும் ரத்த-மூளைத் தடுப்பை அதனால் தாண்ட முடியாது, மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது.