கேம், காமிக்ஸ், கோடிங் என்று இருப்பவருக்குக் கிறிஸ்தவ விசுவாசம் எப்படிப் பொருந்துகிறது?

கேள்விக்குக் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: "ஒன்று எல்லாவற்றுக்கும் ஆதாரம் கேட்கும், இன்னொன்று கண்ணை மூடிக்கொண்டு நம்பச் சொல்லும். இரண்டும் ஒரே மண்டைக்குள் எப்படி?" என்று. என் மண்டைக்குள் இரண்டும் பல வருடமாகக் குடியிருக்கின்றன. சண்டை போட்டிருக்கின்றன, ஆனால் நீங்கள் நினைக்கிற இடத்தில் அல்ல.

முதலில் ஒரு பழைய அவமானத்தைச் சொல்லிவிடுகிறேன். கல்லூரி முடித்த புதிதில் சபை வாலிபர் கூட்டத்தில் பேச அழைத்தார்கள். "சூப்பர் ஹீரோக்களும் இயேசுவும்" என்று தலைப்பு வைத்து, ஸ்லைடு ஸ்லைடாகப் படம் போட்டேன். செத்துத் திரும்பி வந்தவர், வானத்திலிருந்து அனுப்பப்பட்ட மகன், கையை விரித்தபடி விழுகிறவர், ஒருவரையும் விடவில்லை. சூப்பர்மேன் 1992-இல் செத்து அடுத்த வருடமே திரும்பி வந்ததை உச்சகட்டமாக வைத்திருந்தேன். முடிந்ததும் பின் வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "அண்ணா, காமிக்ஸில் செத்த எல்லாருமே திரும்பி வந்துடறாங்களே, அப்போ இயேசு மட்டும் என்ன ஸ்பெஷல்?"

என்னிடம் பதில் இல்லை. அவன் என்னைவிடப் பெரிய காமிக்ஸ் வாசகன் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

அன்றோடு ஒப்புமை வேட்டையை விட்டேன். படத்தில் யாராவது தியாகம் செய்தால் "பார், அதுதான் சுவிசேஷம்" என்று பக்கத்து சீட்டில் இருப்பவரின் தோளைத் தட்டுவது கதைக்கும் மரியாதை இல்லை, சுவிசேஷத்துக்கும் மரியாதை இல்லை. 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நாவலை எழுதிய டோல்கீனே இந்த விஷயத்தில் கறாரானவர். தன் கதையை உருவகக் கதையாக வாசிப்பது அவருக்குப் பிடிக்காது, முன்னுரையிலேயே அதை எழுதி வைத்தார். அதே மனிதர் 1953-இல் ஒரு பாதிரியாருக்கு எழுதிய கடிதத்தில், அந்த நாவல் அடிப்படையில் ஒரு கத்தோலிக்கப் படைப்பு என்றும் சொல்கிறார். கதையின் மையமான தீய மோதிரம் எரிமலையில் அழியும் நாளை மார்ச் 25 என்று வைத்திருக்கிறார். மரியாளிடம் தூதன் வந்து அறிவித்ததாகத் திருச்சபை கொண்டாடும் நாள் அது. கதைக்குள் யாரும் அதைச் சுட்டிக்காட்டுவதில்லை. தெரிந்தவனுக்குத் தெரியட்டும் என்று விட்டுவிட்டார்.

ஆனால் என்னைப் பிடித்து உலுக்கியது அந்தத் தேதி அல்ல, மோதிரத்தை அழிக்கப் புறப்பட்ட நாயகன் ஃப்ரோடோ தோற்பதுதான். (மூன்றாம் பாகம் வந்து 70 வருடம் ஆகிறது, ஸ்பாய்லர் எச்சரிக்கையெல்லாம் போட முடியாது.) அத்தனை தூரம் நடந்து, எரிமலை விளிம்பில் நின்று, "இதைப் போட மாட்டேன், இது என்னுடையது" என்று விரலில் மாட்டிக்கொள்கிறான். கதாநாயகன் தோற்றுவிட்டான். முன்பு மோதிரத்தை வைத்திருந்து, அதன் ஆசையில் பின்தொடர்ந்து வந்த கொல்லம் (Gollum) என்பவன் கையில் அது சிக்கி, அவன் கால் தவறி விழுந்துதான் காரியம் முடிகிறது. கொல்லம் அந்த நேரம் அங்கே உயிரோடு இருந்ததற்குக் காரணம், முன்பு ஃப்ரோடோவின் உறவினன் பில்போவும் பிறகு ஃப்ரோடோவும் அவன்மேல் இரக்கப்பட்டு அவனைக் கொல்லாமல் விட்டது. ஃப்ரோடோ தோற்றான் என்பதை டோல்கீன் வாசகர்களுக்கு எழுதிய கடிதங்களில் மழுப்பவே இல்லை. ஊர் திரும்பிய பிறகும் அக்டோபர் 6-ஆம் தேதி வந்தபோது பழைய கத்திக்காயம் அவனை வருத்துகிறது. வெற்றி பெற்ற ஊரில் அவனால் இருக்க முடியவில்லை.

'கிருபை' என்ற வார்த்தையை ஞாயிறு தவறாமல் பாடியிருக்கிறேன். அது என்ன செய்யும் என்று முதலில் பார்த்தது அந்த எரிமலை விளிம்பில்தான்.

சரி, ஆதாரம் கேட்கும் மண்டைக்கு வருகிறேன். எந்த ரசிகர் கூட்டத்திலும் இருக்கும் வியாதி எனக்கும் உண்டு: தொடர்ச்சிப் பிழை தேடுவது. மூன்றாவது பாகத்தில் இடது கையில் இருந்த தழும்பு ஐந்தாவது பாகத்தில் வலது கைக்கு எப்படிப் போனது, இது கேனனா, அதாவது அதிகாரபூர்வக் கதையில் சேர்த்தியா, இல்லையா என்று விடிய விடிய வாதிட்டிருக்கிறேன். 'கேனன்' என்ற சொல்லே சபை வேதாகமத்தின் புத்தகப் பட்டியலுக்கு வைத்த பெயர்தான். பிற்காலத்தில் கத்தோலிக்கப் பாதிரியாரான ரொனால்ட் நாக்ஸ், 1911-இல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை வேத ஆராய்ச்சியாளர்களின் பாணியில் அலசி, அந்த ஆராய்ச்சியையே கிண்டல் செய்து ஒரு கட்டுரை வாசித்தார். ஹோம்ஸ் ரசிகர்களின் இந்த விளையாட்டு அங்கிருந்து கிளம்பியது என்பார்கள். ஆக நாம் சண்டை போடும் விதமே ஆலயத்திலிருந்து கடன் வாங்கியது.

அந்த வியாதியோடு நான்கு சுவிசேஷங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தேன். உயிர்த்தெழுந்த காலையில் கல்லறைக்குப் போனது யார்? மத்தேயுவில் இரண்டு மரியாள்கள். மாற்குவில் சலோமேயும் சேர்ந்து மூன்று பேர். லூக்காவில் யோவன்னாளும் இன்னும் சிலரும். யோவானில் மகதலேனா மரியாள் மட்டும். தூதர் எத்தனை பேர்? மத்தேயுவில் ஒருவர், லூக்காவில் இருவர். நோட்டில் கட்டம் போட்டு எழுதியபோது எனக்கு வியர்த்தது. இது தெரிந்தால் சபையில் என்ன சொல்வார்கள் என்று நோட்டையே ஒளித்து வைத்தேன்.

சபைக்கு அது ஆதியிலிருந்தே தெரியும் என்பது பிறகு தெரிந்தது. இரண்டாம் நூற்றாண்டிலேயே தாத்தியான் என்பவர் நான்கையும் வெட்டி ஒட்டி, முரண்களை இழைத்து, ஒரே ஓட்டமான கதையாக ஆக்கிவிட்டார். இன்றைய பாஷையில் சொன்னால் ஃபேன் எடிட். சிரிய மொழி பேசிய சபைகள் பல தலைமுறைக்கு அதையே வாசித்தன. ஐந்தாம் நூற்றாண்டில் அதை ஓரங்கட்டிவிட்டு நான்கு தனித்தனிச் சுவிசேஷங்களுக்கு வந்தன. ஒட்டுப்போட்ட பதிப்பு கையில் தயாராக இருந்தும், ஒத்துப்போகாத நான்கு சாட்சிகளே போதும் என்று முடிவானது. பேதுரு மூன்று முறை மறுதலித்ததை நான்கு பேரும் எழுதியிருக்கிறார்கள், அதுவும் அவர் தலைவராக மதிக்கப்பட்ட சபைகளில். கட்டுக்கதை எழுத உட்காருகிறவன் முதலில் வெட்டும் காட்சி அதுதான்.

இது நிரூபணம் என்று நான் சொல்லவில்லை. கோடிங் செய்கிறவனுக்கு ஒரு வாசனை தெரியும். எல்லாச் சோதனையும் முதல் தடவையிலேயே பச்சை காட்டினால் சந்தேகம் வரும். பழைய பிழைகள் அப்படியே பதிவாகி, யார் எப்போது என்ன திருத்தினார் என்று தெரிந்தால் ஒரு நம்பிக்கை வரும். எனக்கு வந்த நம்பிக்கை அந்த மாதிரியானது.

ஒப்புமை வேண்டாம் என்றவன் இப்போது ஒன்று சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் (Git) என்ற கருவியைப் பயன்படுத்துகிறவர்களுக்குத் தெரியும், தப்பான கமிட்டை, அதாவது பதிந்த மாற்றத்தை, சரிசெய்ய இரண்டு வழி. வரலாற்றையே திருத்தி எழுதி, ஃபோர்ஸ் புஷ் போட்டு, அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று ஆக்கலாம். இல்லையென்றால் ரிவர்ட் போடலாம். அப்போது தப்பும் வரலாற்றில் இருக்கும், அதை நீக்கிய புதுக் கமிட்டும் அதன் மேலே இருக்கும். மன்னிப்பு என்றால் முதல் வகை என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். கேமில் சேவ் பண்ணின இடத்துக்குத் திரும்பிப் போய், தோற்கடித்த பெரிய வில்லனோடு மறுபடி மோதுவது மாதிரி. ஆனால் யோவான் 20-இல், காயத்தைத் தொட்டுப் பார்க்காமல் நம்ப மாட்டேன் என்ற சீடன் தோமாவிடம் உயிர்த்தெழுந்தவர் கையை நீட்டும்போது ஆணிக் காயம் அப்படியே இருக்கிறது. மரணத்தையே ஜெயித்தவருக்குத் தழும்பை அழிப்பது ஒரு பெரிய காரியமா? வைத்துக்கொண்டே வருகிறார். ஆதாரம் கேட்ட தோமாவை வெளியே போகவும் சொல்லவில்லை. அவனுக்காகவே ஒருமுறை திரும்ப வருகிறார்.

இதெல்லாம் வாசிப்பில் கிடைத்தது. வேலையில் கிடைத்தது வேறு.

ஒரு நள்ளிரவு, சோதனைத் தரவுத்தளத்தைக் காலி செய்ய வேண்டிய கட்டளையை நிஜத் தரவுத்தளத்தில் அடித்துவிட்டேன். என்டர் தட்டிய அந்த நொடியே தெரிந்துவிட்டது. வயிற்றுக்குள் கல் விழுகிற மாதிரி ஒன்று இருக்குமே, அது. பேக்கப்பிலிருந்து மீட்க மூன்று மணி நேரம் ஆனது. அன்றைய பதிவுகள் கொஞ்சம் போனது போனதுதான். அந்த மூன்று மணி நேரமும் விழித்திருந்தது நான் ஒருவன்தான். கட்டளை வரலாற்றில் ஒரு வரியை அழித்தால் போதும், "சர்வர் ஏதோ தகராறு" என்று முடித்துவிடலாம். அந்தக் கோப்பைத் திறந்தும்விட்டேன்.

அழிக்கவில்லை. நல்லவன் என்பதால் அல்ல. அந்த வாரம் சங்கீதம் 51 வாசித்துக்கொண்டிருந்தேன், அதன் தலைப்புதான் நினைவுக்கு வந்தது. பத்சேபாளிடத்தில் தாவீது பிரவேசித்த பின்பு, நாத்தான் தீர்க்கதரிசி அவனிடத்தில் வந்தபோது பாடின சங்கீதம் என்று அதன் தலையிலேயே எழுதியிருக்கிறது. இன்னொருவன் மனைவியைச் சேர்ந்த ஒரு ராஜாவின் கேவலமான குற்றம், ஆராதனைப் பாடலின் முதல் வரிக்கு மேலே, எத்தனையோ நூற்றாண்டாக அழிக்கப்படாமல் நிற்கிறது. கோப்பை மூடிவிட்டு, நான்தான் செய்தேன் என்று குழுவுக்கு எழுதினேன்.

மறுநாள் என் டீம் லீட் நடத்திய கூட்டத்தில் ஒருவர்கூடக் குரல் உயர்த்தவில்லை. "யார் செய்தது என்பது முக்கியமில்லை, இப்படி ஒரு கட்டளை ஓட முடிந்தது எப்படி என்று பார்ப்போம்" என்றார். அருமையான வழக்கம். அதற்கு நான் என்றைக்கும் நன்றியுள்ளவன். ஆனாலும் வீட்டுக்குப் போகும் வழியில் ஏதோ உறுத்தியது. அந்தக் கூட்டம் சொன்னது, "தப்பு உன்னுடையது இல்லை, அமைப்பினுடையது" என்று. அது பாதி உண்மை. களைப்பில் எச்சரிக்கையைப் படிக்காமல் தட்டியது நான். ஜெபத்தில் உட்கார்ந்தபோது அங்கே அந்தச் சலுகை இல்லை. நீதான் செய்தாய் என்பதும் அங்கே உண்டு, அதற்குப் பிறகும் உன்னை விடவில்லை என்பதும் உண்டு. எனக்கு இரண்டாவது வாக்கியம் மட்டும் தேவைப்பட்டிருந்தால் அந்தக் கூட்டமே போதும்.

நீங்கள் கேட்ட மாதிரி "பெரிய ஆட்கள் யாராவது இப்படி இருக்கிறார்களா" என்றால், பெர்ல் (Perl) என்ற கணினி மொழியை 1987-இல் வெளியிட்ட லாரி வால் இருக்கிறார். விலையுயர்ந்த முத்தைப் (Pearl) பற்றிய இயேசுவின் உவமையிலிருந்து பெயரெடுத்து, அதே பெயரில் வேறொரு மொழி இருந்ததால் ஓர் எழுத்தைக் குறைத்தார். அந்த மொழியில் தரவை ஆப்ஜெக்டாக ஆக்கும் கட்டளைக்கு 'ஆசீர்வதி' (bless) என்றே பெயர் வைத்தார். புரோகிராமரின் மூன்று நற்குணங்கள் சோம்பல், பொறுமையின்மை, அகந்தை என்றவரும் இவர்தான். அதில் இரண்டு, திருச்சபையின் ஏழு தலையான பாவங்களில் வரும், வேண்டுமென்றே வைத்திருப்பார் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

என் மனதுக்கு நெருக்கமானவர் கணினி அறிஞர் டொனால்ட் நூத், லூத்தரன் சபையைச் சேர்ந்தவர். வேதாகமப் புத்தகங்களில் மூன்றாம் அதிகாரம் பதினாறாம் வசனத்தை மட்டும் எடுத்து ஆராய்ந்து ஒரு நூலே வெளியிட்டார். எங்கும் ஒட்டப்படும் யோவான் 3:16-ஐப் போல எல்லாம் இருக்கும் என்று எண்ண வேண்டாம். நெகேமியா 3:16, மதிலின் ஒரு பகுதியைப் பழுதுபார்த்தது யார் என்ற தகவல். பிடித்த வசனங்களைப் பொறுக்காமல் மாதிரி எடுத்துப் பார்க்கும் அந்தக் கணக்குப் புத்தி எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவருடைய நூல்களில் பிழை கண்டுபிடிப்பவர்களுக்கு 2.56 டாலர் காசோலை அனுப்புவது அவர் வழக்கம். கணினிக்காரர்கள் பயன்படுத்தும் பதினாறடிமான எண்முறையில் 100 என்றால் நம் கணக்கில் 256, ஆக 256 சென்ட் அந்த முறையில் ஒரு டாலர். 2008-க்குப் பிறகு நிஜக் காசோலைக்குப் பதில் ஒரு கற்பனை வங்கியின் சான்றிதழ் வருகிறது. தன் பிழையைக் காட்டுகிறவனுக்குக் காசு கொடுக்கும் மனிதர். என்னிடம் யாராவது பிழை காட்டினால் முதலில் முகம்தான் சுருங்குகிறது.

சபைப் பக்கம் பிரச்சினையே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். பகடை உருட்டி ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரமாக ஆடும், 1974-இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டை 1980-களில் அமெரிக்கச் சபைகள் பல சாத்தானின் வாசல் என்று பயந்தன. அந்தப் பயத்தின் வால் எனக்கும் எட்டியது. என் பையில் பல பக்கப் பகடைகளைப் பார்த்த மூத்தவர் ஒருவர், எரித்துவிடச் சொன்னார். நான் எரிக்கவில்லை, அவரோடு சண்டையும் போடவில்லை. அடுத்த மூன்று மாதம் அவர் கண்ணில் படாமல் ஆலயத்தில் உட்கார்ந்தேன், அவ்வளவுதான்.

அந்தப் பகடையைச் சுற்றி உட்காரும் ஐந்து பேரில் விசுவாசி நான் ஒருவன்தான். போன மாதம் ஆட்டத்தில் என் பாத்திரம் சாகக் கிடந்தது. குணமாக்கும் மந்திரம் போட்டுக் காப்பாற்றிய நண்பன், தழும்புகூட இல்லாமல் எழுந்துவிட்டாய் என்று கணக்கு எழுதினான். தழும்பு இருக்கட்டும் என்றேன். "எதுக்குடா?" என்றான். தோமா கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "உங்க ஆளுக்கு வலிக்குமா இன்னும்?" என்று கேட்டான்.

தெரியலடா என்றேன். அவன் பென்சிலால் என் தாளில் 'இடது தோளில் தழும்பு' என்று எழுதிவிட்டுப் பகடையை என் பக்கம் தள்ளினான்.