14 பவுட் ஜெயிச்சாச்சு, பெரிய ஆளோடு மோத விடலாமா?

(குத்துச்சண்டை: வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: ஐயா, என் அண்ணன் மகனுக்கு வயது 20. மதுரையில் பயிற்சி எடுக்கிறான். 14 பவுட் (சண்டைப் போட்டி), ஒன்றில்கூடத் தோற்கவில்லை, அதில் 9 பவுட்டை மூன்றாவது ரவுண்டு வரை விடவே இல்லை. இப்போது ஒருவர் வந்து, புரொஃபஷனல் பவுட் ஒன்று இருக்கிறது, எதிராளி நேஷனல் மெடல் வாங்கினவர், ஜெயித்தால் ஒரே ராத்திரியில் பெயர் வந்துவிடும் என்கிறார். பையன் துடிக்கிறான், அண்ணன் பயப்படுகிறார். அனுப்பலாமா?
– ஒரு சித்தப்பா, மேலூர்

பதில்: அந்த 14ஐ முதலில் ஓரமாக வையுங்கள். அந்த 14 பேர் யார் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பாதிப் பேர் அதே வருஷம் கையுறை மாட்டின பையன்களாக இருந்தால் அது 14 வெற்றி இல்லை, ஒரே வெற்றியை 14 தடவை வாங்கியிருக்கிறான், அவ்வளவுதான். இடதுகைக்காரன் ஒருவனாவது அதில் இருந்தானா? இவனைவிட உயரமாக, ஜாப் (முன்னால் நீட்டின கையால் போடும் நேர்க்குத்து) போட்டே தள்ளி நிறுத்துகிற ஒருத்தன்? எவ்வளவு அடித்தாலும் விழாமல் மேலே மேலே வருகிற ஒரு முரடன்? இந்த மூன்று வகையையும் பார்க்காத பையனை மெடல்காரர் முன்னால் நிறுத்துவது பரீட்சை இல்லை, சூதாட்டம்.

9 பவுட்டைச் சீக்கிரம் முடித்தான் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் உறுத்துகிறது. சீக்கிரம் முடிக்கிறவன் களைத்துப்போய்ச் சண்டை போட்டதே இல்லை என்றுதானே அர்த்தம். பிரிட்டனின் டேவிட் பிரைஸ் 2008 ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கினவர், ஆறடி எட்டு அங்குலம், 15 பவுட்டில் 15 வெற்றி, அதில் 13 நாக்அவுட். 2013 பிப்ரவரியில் 41 வயதான டோனி தாம்ப்சனை எதிரில் நிறுத்தினார்கள், வயசான ஆள்தானே என்று. இரண்டாவது ரவுண்டில் பிரைஸ் முடிந்தார். அதே வருஷம் ஜூலையில் மறுபடியும் அதே ஆளிடமே விட்டார்கள், ஐந்தாவது ரவுண்டில் மறுபடியும் தோல்வி. தாம்ப்சன் அதற்கு முன்பே உலக சாம்பியனோடு இரண்டு தடவை நின்று அடி வாங்கிப் பார்த்த மனுஷன், அந்த அனுபவம் எந்தக் கணக்கிலும் வராது.

இன்னொன்று சொல்கிறேன். உக்ரைனின் லோமசென்கோ இரண்டு ஒலிம்பிக் தங்கம் வாங்கினவர், அமெச்சூரில் 396 வெற்றி, ஒரே ஒரு தோல்வி. 2014 மார்ச்சில், தன் இரண்டாவது புரொஃபஷனல் பவுட்டிலேயே உலகப் பட்டத்துக்கு நின்றார். எதிரில் மெக்ஸிகோவின் சலீடோ, அதற்கு முன்னாலேயே 12 தடவை தோற்றிருந்தவர், அன்றைக்கு எடைகூடச் சரியாகக் கொண்டுவரவில்லை. ஆனாலும் உடம்பிலும் இடுப்புக்குக் கீழேயும் குத்தி, பிடித்து, முட்டி, 12 ரவுண்டு இழுத்து அவரே ஜெயித்தார். அமெச்சூரின் மூன்று ரவுண்டு உலகத்தில் ராஜாவாக இருந்தவருக்கே 12 ரவுண்டு உலகத்தின் அழுக்கு வேலைகள் புதிதாக இருந்தன. ஒன்று கவனியுங்கள், லோமசென்கோ நொறுங்கவில்லை, கடைசி ரவுண்டில் சலீடோவைத் தள்ளாட வைத்துவிட்டுத்தான் இறங்கினார், அடுத்த பவுட்டிலேயே பட்டம் வாங்கினார். 2013இல் மெக்ஸிகோவின் 23 வயது கனெலோ, அதுவரை தோற்காத அமெரிக்காவின் மேவெதரிடம் ஒன்றும் செய்ய முடியாமல் பாயின்ட்டில் தோற்றாரே, அவரும் உடம்பு கெடாமல் திரும்பி வந்து 2021இல் தன் எடைப் பிரிவின் எல்லாப் பட்டத்தையும் சேர்த்துவிட்டார். அதனால் நான் “ஜெயிப்பானா” என்று கேட்கவே மாட்டேன். தோற்றால் முழுசாக வீடு வந்து சேர்வானா, அடுத்த மாதம் பயிற்சிக்குப் போவானா, அதுதான் கேள்வி.

அதை எப்படிக் கண்டுபிடிப்பது? அவனுடைய பழைய வீடியோவை எடுங்கள், அவன் அடிக்கிற இடத்தையெல்லாம் ஓட்டிவிடுங்கள், அவன் நன்றாக ஒன்று வாங்குகிற இடத்தில் நிறுத்துங்கள். கையைப் பார்க்காதீர்கள், காலைப் பாருங்கள். அடி வாங்கினதும் இரண்டு காலும் ஒரே கோட்டுக்கு வந்து நின்ற இடத்தில் நின்று கண்ணை மூடிக்கொண்டு வீசினால், அவன் இன்னும் தயாராகவில்லை. ஒரு அடி பக்கவாட்டில் நகர்ந்து, இல்லாவிட்டால் கட்டிப்பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபடி ஜாபிலிருந்து ஆரம்பித்தால், அந்தப் பையனைப் பற்றிப் பேசலாம். அடி வாங்குகிற இடமே எந்த வீடியோவிலும் இல்லை என்கிறீர்களா? அதுவே ஒரு பதில்தான்.

நம் பக்கத்து ஆளுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டுமா என்ன. கன்றிலிருந்து வளர்த்த காளையை முதல் வருஷமே அலங்காநல்லூர் வாடிவாசலில் அவிழ்க்கிறவர் யார்? பக்கத்து ஊர் மஞ்சுவிரட்டில் விட்டுப் பார்ப்போம், கூட்டத்தைக் கண்டு மிரளுகிறதா, திரும்பி நின்று விளையாடுகிறதா என்று பார்ப்போம், அப்புறம்தான் பெரிய வாடி.

சரி, அந்த ஒருவர் வந்தாரே, அவரிடம் கேட்க வேண்டியது: எத்தனை ரவுண்டு, என்ன எடை, ரிங் பக்கத்தில் டாக்டரும் ஆம்புலன்ஸும் உண்டா, சம்மதித்து எத்தனை வாரம் கழித்துப் பவுட். இரண்டு வாரம் என்றால் இன்னொருவர் விலகின இடத்துக்கு ஆள் தேடுகிறார், பேச்சை அங்கேயே முடியுங்கள். அவருக்குப் பையன் ஜெயித்தாலும் காசு, விழுந்தாலும் காசு. முடிவு கோச்சுடையதாக இருக்கட்டும், அதுவும் இதற்கு முன்னால் ஒரு தடவையாவது “வேண்டாம்” என்று சொன்ன கோச்சாக. என் பதில்: இந்தப் பவுட் வேண்டாம். நான்கு ரவுண்டு, ஆறு ரவுண்டு என்று தோற்றுப் பழகின கெட்டியான ஆட்களோடு ஒரு வருஷம் போகட்டும்.

கேள்வி: ஸ்பாரிங்கில் (பயிற்சிச் சண்டையில்) ஸ்டேட் சாம்பியனையே திணற வைக்கிறேன். அப்போது நானும் அந்த லெவல்தானே?
– கல்லூரி மாணவர், திருமங்கலம்

பதில்: இல்லை தம்பி. ஸ்பாரிங்கில் போடுவது பெரும்பாலும் 16 அவுன்ஸ் கனமான கையுறை, தலையில் ஹெட்கார்டு. அவர் அன்றைக்குப் புதுசாக ஏதாவது பழகிக்கொண்டிருந்திருப்பார், நீங்கள் பட்டம் வாங்கிக்கொண்டிருந்தீர்கள்.

கேள்வி: மகளுக்கு 18 முடிகிறது. அடுத்த வருஷம் எலைட் பிரிவு என்கிறார்கள். அங்கே ரயில்வேயில் வேலை பார்க்கும் பெண்களெல்லாம் வருவார்களாமே, ஒரு வருஷம் நிறுத்தி வைக்கலாமா?
– ஒரு தாய், உசிலம்பட்டி

பதில்: வருவார்கள் அக்கா. 19லிருந்து 40 வரை ஒரே பிரிவு, எதிரில் பத்து வருஷ அனுபவம் நிற்கும். ஆனாலும் நிறுத்தி வைக்காதீர்கள். அமெச்சூரில் மூன்று ரவுண்டுதான், ரெஃபரி சீக்கிரம் குறுக்கே வந்துவிடுவார், தோல்வி யாருடைய பேரையும் கெடுக்காது. நிகத் ஜரீன் 2011இல் ஜூனியர் உலக சாம்பியன். 2019இல் மேரி கோமோடு தகுதிப் போட்டியில் 9-1 என்று தோற்றார். பெரியவர்களுக்கான உலகப் பட்டம் வந்தது 2022இல், இஸ்தான்புல்லில். நடுவில் எத்தனை வருஷம் என்று நீங்களே பாருங்கள். மாநிலப் போட்டியில் இறக்குங்கள், தேசியப் போட்டிக்கு அவசரம் வேண்டாம். எடையைக் குறைக்கப் பட்டினி போட்டு மட்டும் அனுப்பாதீர்கள்; சோறு தண்ணி இல்லாமல் கீழ் எடைக்கு இறங்கின பிள்ளைக்கு இரண்டாவது ரவுண்டிலேயே கால் நகராது.

கேள்வி: போன வாரம் பவுட்டில் தலையில் அடிபட்டு ரெஃபரி நிறுத்திவிட்டார். இப்போது ஒன்றும் இல்லை. இந்த மாதக் கடைசியில் இன்னொரு மீட் இருக்கிறது, போகலாமா?
– வாசகர், அவனியாபுரம்

பதில்: கூடாது. தலையில் வாங்கி நிறுத்தப்பட்டால் குறைந்தது 30 நாள் ரிங் ஏறக் கூடாது என்பது அமெச்சூர் விதி, மூன்று மாதத்துக்குள் இரண்டாவது தடவை என்றால் 90 நாள். ஸ்பாரிங்கும் அதில் சேர்த்திதான், ஹெட்கார்டு போட்டுக்கொள்கிறேன் என்று கோச்சை ஏமாற்ற வேண்டாம். டாக்டரிடம் போய், அடிபட்டதை மறைக்காமல் சொல்லி, அவர் எழுதிக் கொடுத்த பிறகு குத்துப் பையைத் தொடுங்கள்.