வைக்கோல் போய்விட்டால் மாட்டுக்கு என்ன போடுவது?

கேள்வி: பெட்ரோலில் கலக்கும் எத்தனாலுக்கு அரிசியும் மக்காச்சோளமும் போகின்றன. சாப்பிடுகிற பொருளை விட்டுவிட்டு வைக்கோல், மார்க்கெட் கழிவு ஆகியவற்றிலிருந்து எடுத்தால் என்ன? நம் வேலூர்ப் பக்கம் அது நடக்காதா?
- ஒரு வாசகர், அணைக்கட்டு

பதில்: வைக்கோலிலிருந்து எடுக்கலாம். ஹரியானா மாநிலம் பானிபட்டில் இந்தியன் ஆயில் இதற்கென்றே கட்டிய ஆலை 2022இல் திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலில் 3 கோடி லிட்டர் எத்தனால் என்பது அதன் திட்டம். வகுத்துப் பாருங்கள், டன்னுக்கு 150 லிட்டர். அரிசியில் 400 லிட்டருக்கு மேல் கிடைக்கும். பிறகு ஆலைக்காரர் எதைத் தேடுவார்?

கரும்பாலை ஆய்வகத்தில் வேலை பார்த்தவன் என்பதால் இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். அரிசி மாவைச் சர்க்கரையாக்குவது சுலபம், ஈஸ்ட்டும் அதை உடனே புளிக்க வைத்துவிடும். வைக்கோலில் சர்க்கரை நாருக்குள் பூட்டிக் கிடக்கிறது. முதலில் நீராவியும் அமிலமும் கொண்டு நாரைப் பிளக்க வேண்டும், அப்புறம் விலை கூடிய நொதி சேர்க்க வேண்டும். அப்படியும் கிடைக்கிற சர்க்கரையில் ஒரு பங்கைச் சாதாரண ஈஸ்ட் தொடாது.

பஞ்சாப், ஹரியானாவில் நெல் அறுத்த கையோடு கோதுமை விதைக்க வேண்டும். அதனால் வைக்கோலைக் கொளுத்துகிறார்கள், அங்கே அது கழிவு. உங்கள் அணைக்கட்டிலும் ஒடுகத்தூரிலும் அது மாட்டுத் தீவனம். ஆலைக்குக் கொடுத்தால் பால்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், நானும் அவர்கள் பக்கம்தான் நிற்பேன்.

மார்க்கெட் கழிவில் பெரும்பகுதி தண்ணீர். அதைக் காய்ச்சி வடிக்கவே எரிபொருள் தீர்ந்துவிடும். அதை மட்கவைத்து எரிவாயு எடுக்கும் பயோகாஸ் கலனில் போடுவதுதான் சரி.

நம் பக்கத்துக் கரும்பில் மிஞ்சுவது என்ன? சக்கையை ஆலைக் கொதிகலனே தின்றுவிடுகிறது. சர்க்கரை எடுத்த பின் மிஞ்சும் பாகான மொலாசஸிலிருந்து எத்தனால் எடுப்பது பழைய வழக்கம். டன் கரும்புக்கு 10 லிட்டர் போலக் கிடைக்கும், சர்க்கரைக்கும் பங்கமில்லை. மீதி, வயலில் கொளுத்துகிற சோகை, அதாவது கரும்பின் காய்ந்த இலை. இந்த மாவட்டத்தில் கழிவு என்று நான் ஒப்புக்கொள்வது அதைத்தான். ஆனால் பஞ்சு மாதிரி லேசான சரக்கு, அப்படியே ஏற்றினால் லாரி வாடகைக்குக்கூடக் கட்டாது. வைக்கோல் கட்டும் இயந்திரத்தைப் போல ஒன்றை வைத்து வயலிலேயே அழுத்திக் கட்ட வேண்டும். அதை யார் செலவில் செய்வது என்று முடிவானால், ஆலை வைப்பதைப் பற்றிப் பேசலாம். அதுவரை சோகையைக் கரும்பு வரிசைகளுக்கு இடையே பரப்பி விடுங்கள். ஈரம் நிற்கும், களையும் குறையும்.